பத்தாம் எண்: பூட்டி வைப்பதா, கைமாற்றுவதா?

தமிழ் இலக்கிய உலகில் பத்து என்னும் எண்ணுக்குத் தனியிடம் உண்டு. சங்க நூல்களுள் ஒரு தொகுதி பத்துப்பாட்டு, மற்றொன்று பதிற்றுப்பத்து. திருக்குறளின் அதிகாரம் ஒவ்வொன்றும் பத்துக் குறட்பாக்களால் ஆனது. பழந்தமிழ் எண் முறையில் பத்துக்கென ௰ என்னும் தனிக் குறியீடே வழங்கியது. இரு கைகளின் விரல்களையும் எண்ணி முடித்த இடத்தில் மனிதன் ஒரு நிறைவைக் கண்டான். அந்நிறைவுணர்வு ஏட்டோடு நின்றுவிடவில்லை, ஆடுகளத்திற்கும் சென்றது.

ஆடுகளத்தில் பத்து எத்துணை வடிவங்களில் விளங்குகிறது என்பதை எண்ணிப் பார்த்தால் வியப்பே மிகும். கால்பந்தில் அது தலைசிறந்த வீரனின் சட்டை எண். கிரிக்கெட்டில் ஓர் அணியை முற்றிலும் வீழ்த்துவதற்கு வேண்டிய விக்கெட்டுகளின் தொகை. குத்துச்சண்டையில் விழுந்தவன் எழுவதற்கு அளிக்கப்படும் விநாடிகள். நூறு மீட்டர் ஓட்டத்தில் நெடுங்காலம் தகர்க்க முடியாது நின்ற தடை. ஜிம்னாஸ்டிக்ஸில் குறையற்ற ஆட்டத்திற்குரிய மதிப்பெண். துப்பாக்கி சுடுதலில் இலக்கின் நடுவட்டம்.

இவ்வாறு பெருமையின் சின்னமாகிவிட்ட ஓர் எண்ணை நாம் என்ன செய்தல் வேண்டும்? பெருவீரர் ஒருவர் ஓய்வு பெற்றதும் அவருடைய எண்ணையும் அவரோடு பேழையில் வைத்துப் பூட்டிவிடலாமா? அன்றி, அடுத்து வருபவனுக்கு அதனை அணிவித்து அனுப்பலாமா? இவ்வினா விளையாட்டைப் பற்றியது மட்டுமன்று. மூத்தோரும் இளையோரும் கூடி வாழும் எல்லா இடங்களுக்கும் பொருந்துவது. கைமாற்றுவதே நன்று என்பது என் துணிபு. அதற்குரிய காரணங்களைப் பத்து என்னும் எண்ணின் வரலாற்றிலிருந்தே எடுத்துக் காட்ட முயல்கிறேன்.

நிறைவு என்பது ஓர் இடைநிலை

1976-ஆம் ஆண்டு சூலை 18-ஆம் நாள் மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் ருமேனியச் சிறுமி நாடியா கோமனேச்சி இருநிலைக் கம்பிகளில் தம் ஆட்டத்தை முடித்து இறங்கினார். அப்போது அவருக்கு வயது 14. மதிப்பெண் பலகையில் 1.00 என்னும் எண் தோன்றியது. அரங்கத்தினர் திகைத்தனர். நடுவர்கள் வழங்கியது பத்துக்குப் பத்து. ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்ஸில் அதுவரை எவரும் பெறாத மதிப்பெண் அது. அத்தகைய ஒன்று வருமென எதிர்பாராமையால் 10.00 என்று காட்டும் வசதி அப்பலகையில் இல்லை. மனிதத் திறன் வந்து நின்ற இடத்திற்கு அளவுகோல் வந்து சேரவில்லை. அதே போட்டியில் கோமனேச்சி மொத்தம் ஏழு முறை பத்தைப் பெற்றார்.

பின்னர் நிகழ்ந்தது அதனினும் கருதத்தக்கது. 2006-ஆம் ஆண்டில் ஜிம்னாஸ்டிக்ஸ் மதிப்பீட்டு முறையே மாறியது. ஆட்டத்தின் கடினத்திற்கு ஒரு மதிப்பெண், அதை ஆடிக்காட்டும் செம்மைக்கு ஒரு மதிப்பெண் எனப் பிரித்து இரண்டையும் கூட்டும் முறை வந்தது. மொத்த மதிப்பெண்ணுக்குப் பத்து என்னும் உச்சவரம்பு நீங்கியது. கோமனேச்சியின் புகழ் இதனால் குன்றியதா? இல்லை. இன்றும் ஜிம்னாஸ்டிக்ஸ் என்றவுடன் அவர் பெயரே முதலில் நினைவுக்கு வருகிறது.

நூறு மீட்டர் ஓட்டமும் இதையே கூறுகிறது. 1960-இல் மேற்கு ஜெர்மனியின் ஆர்மின் ஹாரி சரியாகப் பத்து விநாடிகளில் ஓடினார். அவ்வெல்லையைத் தாண்ட இயலுமா என்று பல்லோரும் ஐயுற்றனர். 1968-ஆம் ஆண்டு அக்டோபரில் மெக்சிகோ நகர ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் ஜிம் ஹைன்ஸ் 9.95 விநாடிகளில் ஓடி, மின்னணுக் கடிகாரத்தின் சான்றோடு அத்தடையைத் தகர்த்தார். 2009-இல் பெர்லினில் உசேன் போல்ட் 9.58 விநாடிகளில் ஓடிமுடித்தார். ஒரு காலத்தில் மதிலாக நின்ற பத்து, பின்வந்தோர்க்கு வாயிற்படியாயிற்று. முன்னோர் தொட்ட எல்லையைப் பின்னோர் கடப்பது முன்னோரை அவமதிப்பதாகாது. அவர்கள் தொடங்கிய பணியைத் தொடர்வதாகும்.

விழுந்தவனுக்கு உரிய தவணை

பத்துக்கு மற்றொரு முகம் உண்டு. 1867-இல் குயின்ஸ்பரி விதிகள் என்னும் பெயரில் வெளியான குத்துச்சண்டை விதிகள், விழுந்தவன் பிறர் துணையின்றி எழப் பத்து விநாடிகளை வகுத்தன. விழுந்து கிடப்பவனை அடிக்கலாகாது. அவன் எழும்வரை எதிராளி விலகி நிற்றல் வேண்டும். முரட்டு விளையாட்டு என நாம் கருதும் ஒன்றினுள் இத்துணை அறம் அமைந்திருப்பது எண்ணி மகிழத்தக்கது.

1971 மார்ச் 8-ஆம் நாள் நியூயார்க்கில் ஜோ ஃபிரேசியரின் இடக்கைக் குத்தில் முகமது அலி பதினைந்தாவது சுற்றில் தரையில் சாய்ந்தார். உடனே எழுந்து நின்று சுற்றை முடித்தார். அன்று அவர் தோற்றார் எனினும் வீழ்ந்து கிடக்கவில்லை. 1974 அக்டோபர் 30-ஆம் நாள் கின்ஷாசாவில் அதே அலியிடம் ஜார்ஜ் ஃபோர்மன் எட்டாவது சுற்றில் விழுந்தார். நடுவர் பத்து எண்ணி முடிப்பதற்குள் அவரால் நிலைகொள்ள இயலவில்லை. பட்டம் பறிபோயிற்று. ஃபோர்மனின் கதை அத்துடன் முடிந்தது என்றே உலகம் கருதியது.

இருபது ஆண்டுகள் கழிந்தன. 1994 நவம்பர் 5-ஆம் நாள் லாஸ் வேகாஸில் தம் 45-ஆம் வயதில் ஃபோர்மன் மீண்டும் களமிறங்கினார். தம்மினும் மிக இளையவரான மைக்கேல் மூரரை வீழ்த்தி உலகப் பட்டத்தை மீட்டார். அவ்வெற்றி கிட்டியது பத்தாவது சுற்றில். பத்து விநாடியில் எழ முடியாதவனுக்கும் வாழ்க்கையில் வேறொரு பத்து காத்திருக்கக்கூடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஒரு பருவத்தேர்வில் ஒரு தாளில் தவறிய மாணவனை நாம் எவ்வாறு நடத்துகிறோம் என்பதை இவ்விடத்தில் எண்ணிப் பார்த்தல் வேண்டும். குத்துச்சண்டை மேடையில் கிடைக்கும் பத்து விநாடிப் பொறுமை வகுப்பறையிலும் இல்லத்திலும் சில வேளைகளில் கிடைப்பதில்லை. எண்ணத் தொடங்கும் முன்னரே "இவன் தேறமாட்டான்" என்று தீர்ப்பெழுதிவிடுகிறோம்.

ஒருவர் பெயரில் பலர் உழைப்பு

கிரிக்கெட்டில் ஓர் இன்னிங்ஸின் பத்து விக்கெட்டுகளையும் ஒருவரே வீழ்த்துதல் அருஞ்செயல். டெஸ்ட் போட்டிகளில் மூவரே அதனைச் செய்துள்ளனர். 1956-இல் ஓல்டு டிராஃபோர்டில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக இங்கிலாந்தின் ஜிம் லேக்கர் 53 ஓட்டங்கள் தந்து பத்து விக்கெட்டுகளை எடுத்தார். 1999 பிப்ரவரியில் தில்லியில் பாகிஸ்தானுக்கு எதிராக அனில் கும்ப்ளே 74 ஓட்டங்களுக்குப் பத்து விக்கெட்டுகளை எடுத்தார். 2021 டிசம்பரில் மும்பை வான்கடே அரங்கில் இந்தியாவுக்கு எதிராக நியூசிலாந்தின் அஜாஸ் பட்டேல் 119 ஓட்டங்களுக்கு அதே சாதனையைப் புரிந்தார்.

இம்மூன்று நிகழ்ச்சிகளையும் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். கும்ப்ளே ஒன்பது விக்கெட்டுகளை எடுத்துவிட்ட நிலையில் மறுமுனையில் பந்துவீசிய ஜவகல் ஸ்ரீநாத், பத்தாவது விக்கெட் தமக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காகப் பந்தை விக்கெட்டுக்கு வெளியே விலக்கி வீசினார். ஏட்டில் கும்ப்ளேயின் பெயர் மட்டுமே உள்ளது. அப்பத்தில் ஸ்ரீநாத்தின் பங்கும் உண்டு. லேக்கர் அந்த ஆட்டத்தின் இரு இன்னிங்ஸிலும் சேர்த்து 19 விக்கெட்டுகளை எடுத்தார். எஞ்சிய ஒன்றை எடுத்தவர் டோனி லாக். அவரும் மறுமுனையில் ஓயாது உழைத்தவரே. அஜாஸ் பட்டேலின் கதை வேறு. அவர் பிறந்த ஊரே மும்பை. சிறுவயதிற் பெற்றோருடன் நியூசிலாந்து சென்று குடியேறியவர், பிறந்த ஊரின் அரங்கிற்கு அயல்நாட்டு வீரராகத் திரும்பி வந்து அச்சாதனையைப் புரிந்தார். ஆயினும் அடுத்து ஆடவந்த அவர் அணி 62 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்தது. முடிவில் 372 ஓட்டங்கள் வேறுபாட்டில் தோற்றது. தனியொருவர் பத்தை எட்டினாலும் உடனிருப்போர் கைகொடாவிடில் வெற்றி வாராது.

ஆகவே பத்து என்பது ஒருவருடைய தனிச்சொத்தாக எக்காலத்தும் இருந்ததில்லை. பலர் தோள்கொடுக்க ஒருவர் எட்டியது அது. பலருடைய உழைப்பால் வந்ததை ஒருவர் பெயரால் பூட்டி வைத்தல் முறையாகுமா?

தற்செயலாய் வந்த சட்டை

இனிக் கால்பந்துக்கு வருவோம். 1928 ஆகஸ்டு 25-ஆம் நாள் இங்கிலாந்தில் ஆர்சனல், செல்சி ஆகிய அணிகள் எண் பொறித்த சட்டைகளுடன் களமிறங்கின. அந்நாளில் எண் என்பது நிற்கும் இடத்தைக் குறித்தது. 1 என்றால் இலக்குக் காவலர். 10 என்றால் முன்வரிசையில் இடப்பக்கம் உள்ளடங்கி ஆடும் வீரர். பெருமையோ சிறுமையோ அதில் இல்லை. பொருட்களை அடையாளங் காண ஒட்டும் சீட்டுக்கு ஒப்பானது அது.

1958-இல் ஸ்வீடனில் நடந்த உலகக் கோப்பையில் பிரேசில் தன் வீரர்களுக்குரிய எண்களைக் குறித்து அனுப்பவில்லை என்றும், போட்டி அமைப்பாளர்களே மனம்போன போக்கில் எண்களை இட்டனர் என்றும் கூறுவர். அவ்வணியின் இலக்குக் காவலர் கில்மார் 3-ஆம் எண் அணிந்து ஆடினார் என்பதே அக்குழப்பத்திற்குச் சான்று. அவ்வாறு பத்தாம் எண்ணைப் பெற்ற 17 வயதுச் சிறுவன்தான் பெலே. இறுதி ஆட்டத்தில் இரண்டு கோல்கள் அடித்து நாட்டுக்கு முதல் உலகக் கோப்பையைப் பெற்றுத்தந்தான். அன்றுமுதல் பத்தாம் எண் பெருமைக்குரியதாயிற்று.

1978-இல் அர்ஜென்டினா தன் வீரர்களுக்குக் குடும்பப்பெயரின் அகரவரிசையில் எண் வழங்கியது. அதனால் நடுக்கள வீரரான அலோன்சோ முதல் எண்ணை அணிந்தார். வரிசைப்படி பத்தாம் எண் மாரியோ கெம்பெஸுக்கு வந்தது. அவரே அப்போட்டியில் மிகுதியான கோல்கள் அடித்து, இறுதி ஆட்டத்திலும் இரண்டு கோல்கள் அடித்துத் தம் நாட்டை வெற்றிபெறச் செய்தார்.

பத்தை நாம் எழுதும் முறையும் இவ்வுண்மையை உணர்த்துகிறது. ஒன்றை அடுத்துச் சுழியம் இட்டால் பத்து. இந்திய மண்ணில் உருப்பெற்ற இம்முறையை ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் விளங்கிய கணித மேதை அல் குவாரிஸ்மி தம் நூலில் விளக்கினார். சுழியத்திற்கு அரபு மொழியில் 'ஸிஃப்ர்' என்று பெயர். வெறுமை என்பது அதன் பொருள். சுழியம் தனித்து நின்றால் வெறுமை. அதன் முன் ஒன்று வந்து நின்றால் பத்து. சட்டையும் அத்தகையதே. அதை அணிந்து நிற்பவனே அதற்கு மதிப்பைத் தருகிறான்.

பூட்டப்பட்ட எண்

டியேகோ மரடோனா 1984-இல் இத்தாலியின் நேப்போலி அணியில் சேர்ந்தார். 1987-இலும் 1990-இலும் அவ்வணி இத்தாலிய வாகையர் பட்டத்தை வென்றது. நன்றி மறவாத நேப்போலி 2000-ஆம் ஆண்டில் பத்தாம் எண்ணுக்கு ஓய்வளித்தது. அர்ஜென்டினக் கால்பந்துச் சங்கமும் அவ்வாறே செய்ய விரும்பி, 2002 உலகக் கோப்பைக்குப் பத்தாம் எண் இல்லாத பட்டியலை அளித்தது. எண்கள் இடைவெளியின்றி வருதல் வேண்டும் என்ற விதியைக் காட்டி உலகக் கால்பந்துக் கூட்டமைப்பு அதனை மறுத்தது. ஒர்டேகா என்னும் வீரர் அவ்வெண்ணை அணிந்து ஆடினார்.

அன்று அம்மறுப்பு பலர்க்குக் கசந்திருக்கலாம். இன்று திரும்பிப் பார்க்கையில் அதன் நன்மை விளங்குகிறது. 2010 உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவின் பத்தாம் எண்ணை அணிந்தவர் லயனல் மெஸ்ஸி. அவ்வணியின் பயிற்சியாளர் மரடோனாவே! முன்னவர் அணிந்த எண்ணைப் பின்னவர் அணிந்து ஆட, முன்னவர் களத்தின் ஓரத்தில் நின்று வழிநடத்தினார். 2022 டிசம்பர் 18-ஆம் நாள் கத்தாரில் அதே எண்ணோடு மெஸ்ஸி உலகக் கோப்பையை ஏந்தினார். மரடோனா அதற்கு இரண்டாண்டுகள் முன்னரே மறைந்துவிட்டார். எனினும் அக்கோப்பை உயர்ந்தபோது அவர் பெயரையும் உலகம் உச்சரித்தது. 2002-இல் எண்ணைப் பூட்டியிருந்தால் அத்தொடர்ச்சி ஏது?

பிரேசில் பெலேயின் எண்ணைப் பூட்டவில்லை. ஜீக்கோ முதலியோர் அதை அணிந்தனர். பிரேசில் மகளிர் அணியிலும் அவ்வெண் வழங்கப்பட்டது. அதை அணிந்த மார்த்தா ஐந்து உலகக் கோப்பைப் போட்டிகளில் கோல் அடித்து, மொத்தம் 17 கோல்களைப் பெற்றார். ஆடவர், மகளிர் இருபாலார் உலகக் கோப்பைகளையும் சேர்த்து நோக்கினும் இதுவே மிகுதியானது. பெண் பிள்ளைகளுக்கும் பத்தாம் எண் உரியது என்பதைக் களத்திலேயே காட்டியவர் அவர்.

நம் நாட்டில் நிகழ்ந்ததையும் கூறவேண்டும். சச்சின் டெண்டுல்கர் 2013 நவம்பரில் ஓய்வு பெற்றார். ஒருநாள் போட்டிகளில் அவர் அணிந்த எண் பத்து. 2017 ஆகஸ்டு இறுதியில் கொழும்பில் தம் முதல் ஒருநாள் போட்டியில் ஆடிய ஷர்துல் தாக்கூர் அவ்வெண்ணை அணிந்து வந்தார். இளைஞர் செய்த பிழை ஏதும் இல்லை. எவ்விதியையும் அவர் மீறவில்லை. ஆயினும் இரசிகர்கள் சமூக ஊடகங்களில் அவரைச் சொல்லால் சுட்டனர். பின்னர் அவர் 54-ஆம் எண்ணுக்கு மாறினார். பத்தாம் எண்ணை எவருக்கும் வழங்குவதில்லை என்பது முறையான அறிவிப்பின்றியே வழக்கமாயிற்று. முதல் ஆட்டம் ஆடவந்த இளைஞனை, அவன் பந்து வீசும் விதத்தைப் பாராமல் முதுகிலுள்ள எண்ணைப் பார்த்து மதிப்பிட்டது எவ்வகையில் நியாயம்? டெண்டுல்கரின் பெருமை அவர் ஆடிய ஆட்டத்தில் உள்ளது. அதைக் காக்க ஓர் இளைஞனின் மனத்தைப் புண்படுத்த வேண்டிய தேவை இல்லை.

மறுப்பும் விடையும்

"ஒரு பெரியவரின் நினைவைப் போற்ற ஓர் எண்ணை ஒதுக்கி வைப்பதில் என்ன தீங்கு?" என்று சிலர் வினவக்கூடும். வினாவில் நியாயம் உண்டு. அமெரிக்கப் பேஸ்பால் விளையாட்டில் 42 என்னும் எண்ணை அவ்வாறே ஒதுக்கியுள்ளனர். 1947-இல் நிறவேற்றுமைத் தடையை உடைத்து முதன்மைப் போட்டிகளில் ஆடவந்த கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சனின் எண் அது. 1997-இல் எல்லா அணிகளும் அதற்கு ஓய்வளித்தன. ஆனால் அவர்கள் அத்துடன் நின்றுவிடவில்லை. 2009 முதல் ஏப்ரல் 15-ஆம் நாளன்று எல்லா அணிகளின் வீரர்களும் 42-ஆம் எண் பொறித்த சட்டையையே அணிகின்றனர். ஒருவனுக்கும் இல்லாத எண் அன்று அனைவருக்கும் உரியதாகிறது. பூட்டி வைத்தவர்களும் அதைத் திறந்து பகிர்வதில்தான் ராபின்சனின் நினைவு வாழும் என உணர்ந்தனர். என் கருத்துக்கு இது அரணே அன்றி மறுப்பன்று.

நம்மிடையே உள்ள பூட்டுகள்

ஆடுகளத்தை விட்டு நம் அவைகளுக்கு வருவோம். கல்வி நிறுவனங்களிலும் ஊர்ச் சங்கங்களிலும் கண்ணுக்குப் புலப்படாத பத்தாம் எண்கள் பல உள. "அவர் அமர்ந்த இடத்தில் இவரா?" என்னும் ஒரு வினாவால் எத்தனையோ இளையோர் ஒதுங்கி நிற்கின்றனர். சிறந்த பேச்சாளர் ஒருவர் மறைந்தால் அவருக்கு நினைவுக் கூட்டம் நடத்துகிறோம். அவர் நின்ற மேடையில் ஓர் இளைஞனை ஏற்ற அஞ்சுகிறோம். மூத்த பேராசிரியரின் படத்தைச் சுவரில் மாட்டுகிறோம். அவர் கற்பித்த பாடத்தைக் கற்பிக்க வரும் புதியவரை முதல் வாரத்திலேயே அவரோடு ஒப்பிட்டுக் குறை காண்கிறோம்.

ஆதலின் மூவகையினர்க்கு மூன்று வேண்டுகோள்களை முன்வைக்க விழைகிறேன். சமுதாயப் பெரியோர்களே! நீங்கள் ஈட்டிய மதிப்பு உங்கள் செயல்களில் நிலைத்துள்ளது. இருக்கையை ஒருவர்க்கு அளிப்பதால் அது குறையாது. களத்தோரம் நின்று வழிகாட்டும் பணி உங்களுக்குக் காத்திருக்கிறது. ஆசிரியப் பெருமக்களே! முதல் ஆட்டத்திற்கு வந்தவனை முதுகிலுள்ள எண்ணால் அளவாதீர்கள். விழுந்தவனுக்குப் பத்து எண்ணும்வரையேனும் பொறுத்திருங்கள். மாணவச் செல்வங்களே! எண் உங்களுக்குத் திறமையைத் தாராது. அதை அணிந்ததாலேயே நீங்கள் முன்னவராகிவிடவும் மாட்டீர்கள். ஆயினும் அளிக்கப்படும்போது அஞ்சி மறுக்காதீர்கள். பெலேயும் ஒருநாள் முதன்முறையாக அதை அணிந்தவரே.

பதிற்றுப்பத்து பத்துச் சேர மன்னர்களைப் பத்துப் புலவர்கள் பாடிய நூல். ஒரு பத்தைப் பாடியவர் அடுத்த பத்தையும் தமக்கே வைத்துக்கொள்ளவில்லை. அந்நூலின் முதற்பத்தும் இறுதிப்பத்தும் இன்று நமக்குக் கிடைத்தில. ஓலை சிதையுமுன் மற்றோர் ஓலையில் பெயர்த்தெழுதப்பட்டுக் கைமாறி வந்த எட்டுப் பத்துகளையே நாம் வகுப்பறையில் கற்கிறோம், கற்பிக்கிறோம்.